முப்பத்தெட்டுச் செடிகளில் ஒன்பது

பேக்கிங் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்த கோத்தகிரிப் பெண், ஊரோடு போய்விடுவதென்று முடிவெடுத்த அன்று எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தாள். டீ சர்ட்டை மடிக்கும்போது உள்ளே வைக்கிற மெல்லிய வெள்ளைத் தாளை நாலாக மடித்திருந்தாள். அதற்குள் இருபது இருபத்தைந்து மிளகாய் விதைகள். ஊரில் அவர்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று போகிறாள்.

"இது கடையில கிடைக்காதுக்கா. எங்க அம்மா வருசா வருசம் பழத்துல இருந்து எடுத்து வைக்கிறது. குடமிளகாய் மாதிரிதான், ஆனா நீளமா வரும். காரமே இருக்காது. சும்மாவே கடிச்சுச் சாப்பிடலாம்" என்றாள்.

மலையில் விளைகிறது திருப்பூரில் எங்கே விளையும் என்று நினைத்துக்கொண்டே வாங்கிப் பைக்குள் வைத்தேன். அவளுடைய மத்தியானச் சாப்பாட்டில் அந்த மிளகாயைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊருக்குப் போய் வந்தால் கொண்டுவருவாள். சாண் நீளம் இருக்கும். பழுத்தால் நல்ல சிவப்பு. ஒரு துண்டு வாயில் போட்டால் முதலில் நீர், பிறகு இனிப்பு, கடைசியில் மிளகாயின் வாசம் மட்டும்.

நான் அதே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்ப்போம். பிழை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவோம். நான் சரியென்று விட்ட சரக்கு இதுவரை திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

எங்கள் வீடு பெருமாநல்லூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. கீழே மண் என்று ஒரு கைப்பிடி கிடையாது. மொட்டை மாடியில்தான் நூல் மூட்டை வருகிற வெள்ளைச் சாக்குகளில் கறிவேப்பிலை, தக்காளி, இரண்டு சீனி மிளகாய்ச் செடி வைத்திருந்தேன். மேலே பார்த்துக் காய்க்கும், குட்டிக் குட்டியாக, நாக்கில் பட்டால் உயிர் போகும், அந்த மிளகாய். என் வீட்டுக்காரருக்கு அது இல்லாமல் சோறு இறங்காது.

ஆடியில் விதையைப் போட்டேன். பொட்டலத்தில் இருந்த எல்லாவற்றையும் போட்டேன், ஏதாவது முளைத்தால் போதுமென்று. ஒன்பது முளைத்து நாலு நின்றது. போர் தண்ணீர் ஊற்றினால் இலையோரம் கருகியது. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு. வாளியில் ஊற்றி வைத்தால் மறுநாள் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதனால் அரிசி கழுவிய தண்ணீர், கார்ப்பரேஷன் தண்ணீரில் மிச்சம் பிடித்தது என்று கணக்காக ஊற்றினேன். குன்னத்தூரிலிருந்து வேலைக்கு வரும் ஒருத்தி ஆட்டுப்புழுக்கை கொண்டுவந்து கொடுத்தாள். சாய்கிற செடியைக் குச்சியில் கட்ட, கம்பெனியில் பனியன் துணி வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட் இருக்கவே இருக்கிறது. செடி பெருத்தால் அதுவும் கூடவே நீளும், தண்டை அறுக்காது.

கார்த்திகையில் முதல் பழம் சிவந்தது. பறித்து, கழுவாமல்கூட, மாடியிலேயே நின்று ஆளுக்குப் பாதி தின்றோம். என் வீட்டுக்காரர் காதர்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் பண்டல் கட்டுகிறவர். அவருக்கு வாயில் எரிச்சல் வந்தால்தான் அது சாப்பாடு. மென்றுவிட்டு, வெள்ளரிக்காய் மாதிரி இருக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்றார். பிறகு செடியைச் சுற்றி வந்து இன்னொன்று பழுத்திருக்கிறதா என்று தேடினார்.

அந்த வருடம் நாலு செடியிலுமாக முப்பது பழத்துக்கு மேல் வந்தது. எல்லாம் தின்றோம், அக்கம்பக்கம் கொடுத்தோம். ஒரே ஒரு பழத்தை மட்டும், இருந்ததிலேயே பெரியதை, விதைக்கென்று விட்டு நன்றாகப் பழுத்த பிறகு எடுத்து உலர்த்தினேன். அந்தப் பழம் தொங்கிய கிளை சீனி மிளகாய்ச் செடிமேல் படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த வருடம் இடப் பற்றாக்குறையால் ஐந்து செடிதான் வைத்தேன். நன்றாகத் தழைத்தன. சொல்லப்போனால் போன வருடத்தைவிடத் திடமாக வந்தன. காய் மட்டும் கொஞ்சம் சிறுத்திருந்தது, சில காய்கள் தொங்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றன. சாக்கில் சத்துப் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்கப் பிறத்தியார் தையலில் பிழை பார்க்கிறவள், என் செடியில் கண்ணுக்கு நேரே நின்றதைப் பார்க்கவில்லை. பிடித்தமானதில் பிழை பார்க்கக் கண் வருவதில்லை போலிருக்கிறது.

ஒரு பெரிய ஆர்டர் லாரி ஏறிப்போன சனிக்கிழமை, எங்கள் பிரிவில் எல்லோரும் வீட்டிலிருந்து ஏதாவது செய்து கொண்டுவந்து ஒன்றாகச் சாப்பிடுவதென்று பேச்சு. நான் மிளகாய் கொண்டுவருகிறேன், பச்சையாகவே தின்னலாம், குழந்தைகூடத் தின்னும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வருடத்தின் முதல் பழத்தை அவர்கள்தான் ருசிக்க வேண்டும் என்று ஆசை. அதனால் நான் ஒன்றைக்கூடக் கடித்துப் பார்க்கவில்லை. நீளவாக்கில் நறுக்கி, உப்புத் தூவி, தட்டில் அடுக்கி, நானே ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்தேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கடித்தார்கள். அடுத்த விநாடி தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். ஒடிசாக்காரப் பெண்கள் இரண்டு பேர் கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். ஒருத்திக்கு விக்கல் நிற்கவேயில்லை, தயிர்சாதம் கொண்டுவந்தவளுடைய பாத்திரம் இவளுக்கே காலியானது. நானும் கடித்துப் பார்த்தேன். சீனி மிளகாயின் அதே காரம், நீளமான மிளகாய்க்குள்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. திங்கட்கிழமை முதல் நான் எந்த மேசைக்குப் போனாலும் ஒரு குரல் வந்தது, "அக்கா, இந்தப் பீஸைக் கடிச்சுப் பார்த்துட்டீங்களா?" சிரிப்பதற்காகத்தான் சொன்னார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்த வாரம் முழுக்க மாடிக்கே போகவில்லை. தண்ணீர் ஊற்றியது என் வீட்டுக்காரர்தான்.

புது விதை வாங்கிவிடலாம் என்று கோத்தகிரிக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவள் ஆரம்பித்துவிட்டாள். அந்த மழைக்காலத்தில் காட்டெருமைக் கூட்டம் வேலியை முட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்துவிட்டதாம். கேரட், பீன்ஸ், விதைக்கு விட்டிருந்த மிளகாய், எல்லாம் மிதிபட்டுச் சேற்றோடு போய்விட்டது. பழைய விதை வைத்திருந்த டப்பாவில் பூஞ்சை பிடித்துவிட்டது.

"அம்மாவுக்குத்தான் ரொம்ப மனசு விட்டுப்போச்சு. நான் சொன்னேன், அக்காகிட்ட இருக்கும்மான்னு. இருக்குதானேக்கா?"

"இருக்குது கண்ணு. அடுத்த வருசம் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டேன்.

நான் அப்படிப் பொய் சொல்கிறவள் இல்லை. போனை வைத்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லியாகிவிட்டது, இனி அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குப் போகும்போது அந்த மிளகாயில் நாலைக் கையோடு எடுத்துப் போனேன். அங்கே பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மிளகாயும் தக்காளியும் விற்கிற ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். எத்தனையோ வருடமாக அவரிடம் காய் வாங்கியிருக்கிறேன், நின்று பேசியதில்லை. நடந்ததைச் சொல்லி மிளகாயைக் காட்டினேன். அவர் ஒன்றைப் பிளந்து, உள்ளே வெள்ளையாக விதை ஒட்டியிருக்கிற தண்டை நகத்தால் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, பக்கத்துல காரமொளகா எதாச்சும் வெச்சிருந்தீங்களா?"

"சீனி மொளகா ரெண்டு செடி இருந்துச்சுங்க."

"அதானுங்க. பூவுல கலந்துருச்சு. போன வருசம் நீங்க தின்ன பழத்துல தெரிஞ்சிருக்காது, அது தாய்ச்செடி மாதிரியேதான் இருக்கும். உள்ள இருக்கற வெதைதான் மாறிப்போயிருக்கும். எங்க தோட்டத்துலயும் ஒருக்கா இப்படி ஆச்சுங்க."

செடியைப் பிடுங்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க. இந்தக் காரப் பழத்து வெதையவே நெறையாப் போடுங்க. நாலுக்கு ஒண்ணு, அஞ்சுக்கு ஒண்ணு, காரமில்லாம வருமுங்க. அது பழைய கொணத்துக்குத் திரும்புன செடி. ஆனா ஒவ்வொரு செடியாத் தின்னு பார்த்துத்தான் கண்டுபுடிக்கோணும். அந்த நாக்கு உங்களுக்கு இருக்குதுங்களா?"

நாக்கு இருக்கிறதோ இல்லையோ, எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அடுத்த வருடம் எங்கள் மாடியில் துணி காயப்போட இடமில்லை. கறிவேப்பிலை தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சீனி மிளகாய்ச் செடி இரண்டையும் என் வீட்டுக்காரர் தன் கையாலேயே பிடுங்கினார். நாற்பது சாக்குக்கு மண்ணும் தேங்காய் நாரும் சாணமும் கலந்து, ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் படியேற்றினார். இருபதாவது சாக்கில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, "அம்மிணி, மாடி தாங்குமா?" என்று கேட்டார். சுவரோரமாகவே வைப்போம் என்றேன். வைத்தோம். இரண்டு செடி பட்டுப்போய், முப்பத்தெட்டு நின்றது.

காய் பிடிக்க ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் ருசி பார்க்கும் வேலை. ஒரு செடிக்கு ஒரு பழம். நுனியைக் கடித்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், நுனியில் எந்த மிளகாயும் சாதுவாகத்தான் இருக்கும். உள்ளே விதை ஒட்டும் இடத்தில்தான் குணம் தெரியும். அங்கே கிள்ளி நாக்கில் வைத்து, பத்து எண்ணுவேன். எரிந்தால் துப்பிவிட்டு மோர் குடித்து, வாய் அடங்கும்வரை உட்கார்ந்திருந்து, அடுத்த செடி. ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் முடியாது. காரமுள்ள செடியில் எங்கள் கம்பெனி வழக்கப்படி சிவப்பு அம்பு ஒட்டினேன்.

முதல் ஞாயிறு பார்த்த ஆறு செடிக்கும் அம்பு. உதடு வீங்கிப் போய், திங்கட்கிழமை என்னக்கா ஆச்சு என்று கேட்டவர்களிடம் பல்வலி என்றேன். இரண்டாவது ஞாயிறு நாலாவது செடி. கிள்ளி நாக்கில் வைத்தேன். ஐந்து எண்ணினேன், ஒன்றுமில்லை. பத்து எண்ணினேன். முந்தைய செடியின் எரிச்சலில் நாக்கு மரத்துவிட்டதோ என்று சந்தேகம். மோர் குடித்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து மறுபடி வைத்தேன். இனித்தது. அவரைக் கூப்பிட்டேன். அவர் முழுப் பழத்தையும் விதையோடு மென்று தின்றுவிட்டுச் சொன்னார், "வெள்ளரிக்காதான்."

நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஏழெட்டு வாரத்தில் முப்பத்தெட்டும் பார்த்து முடித்தபோது ஒன்பது செடியில் அம்பு இல்லை. பொங்கலூர்க்காரர் சொன்னது போலவே நாலுக்கு ஒன்று. அந்த ஒன்பதிலும் ஏழில் காய் குட்டையும் உருண்டையுமாக இருந்தது. இரண்டில்தான் காய் நீளமாகத் தொங்கியது. அந்த இரண்டைத்தான் விதைக்கென்று எடுத்தேன்.

மறுபடி கலந்துவிடக் கூடாதே. எங்கள் கம்பெனியில் விளையாட்டு டீ சர்ட்டுக்கு வருகிற சல்லடைத் துணியின் வெட்டு மிச்சம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். காற்றும் வெளிச்சமும் போகும், எறும்புகூட நுழையாது. சூப்பர்வைசர் ஆவதற்கு முன் நான் பத்து வருடம் ஓவர்லாக் மெஷினில் தைத்தவள். கைப்பிடியளவு பைகள் தைத்து, வாயில் எலாஸ்டிக் கோத்து, விரியாத மொட்டோடு கிளைக்கு மாட்டினேன். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு பையையும் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவேன், உள்ளே பூவின் தூள் உதிர்வதற்கு. எதிர்வீட்டுக்காரர்கள் செடிக்குச் சட்டை போட்டிருக்கிறேன் என்று சிரித்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்தது எல்லாம் எனக்குத் தெரிந்த வேலைதான். அடுத்த வருடம் இருபது செடி வைத்தேன். காய் குட்டையாக வந்த செடி ரிஜெக்ட். மேலே பார்த்து நின்றது ரிஜெக்ட். வாசம் இல்லாதது ரிஜெக்ட். அதற்கடுத்த வருடம் மிஞ்சியவற்றின் விதையில் மறுபடி இருபது. அந்தக் கோடையில் நாலு செடியை எடுக்காமல் விட்டுவைத்தேன். சித்திரை வெயிலில் மூன்று செடி பூவையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றன. நாலாவது, தண்ணீர்த் தட்டுப்பாட்டில் உப்புத் தண்ணீரே ஊற்றிய செடி, எட்டுப் பழம் காய்த்தது. சாண் நீளம், இனிப்பு, மலைப் பெண் கொண்டுவரும் அதே வாசம். மலைமிளகாய்க்கு வெயில் தாங்கும் உடம்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். நாங்கள் பிடுங்கி எறிந்த சீனி மிளகாயிடமிருந்து என்றுதான் தோன்றுகிறது.

கோத்தகிரிக்குச் சொன்னபடி அடுத்த வருடம் அனுப்ப முடியவில்லை. இரண்டு வருடம், இன்னும் கொஞ்சம் நாளாகும் என்று ஏதேதோ சொல்லி இழுத்தேன். எட்டுப் பழத்தின் விதை கையில் வந்ததும், பாதியைக் கூரியரில் அனுப்பிவிட்டு, போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். இது உங்கள் அம்மாவின் விதையேதான் என்று சொல்ல முடியாது, இடையில் ஒரு கலப்பு இருக்கிறது என்றேன். அவள், சொல்லியிருந்தால் நானும் கூட வந்து தின்று பார்த்திருப்பேனே அக்கா என்று மட்டும் சொன்னாள். அந்த வருட முடிவில் ஒரு போட்டோ வந்தது. அவளுடைய அம்மா கையில் ஐந்து சிவப்பு மிளகாய். தோல் கொஞ்சம் மெலிசு, ருசி நம்முடையதுதான் என்று அம்மா சொன்னதாகக் கீழே எழுதியிருந்தாள். அந்தத் தோல் மெலிசு என்ற குறையை நானும் பார்த்து வைத்திருந்தேன். அவர்கள் கண்ணிலும் பட்டதில் எனக்குச் சந்தோஷம்.

கம்பெனிக்கும் ஒருநாள் கொண்டுபோனேன். தட்டை நீட்டினால் ஒருத்தர் கை நீளவில்லை. நான் ஒன்றை எடுத்து எல்லோரும் பார்க்க விதைத் தண்டோடு கடித்து மென்றேன். அப்படியும் யாரும் தொடவில்லை. கடைசியில், முன்பு குழாயடிக்கு ஓடிய தென்காசிப் பெண்தான் எழுந்து வந்தாள். நுனியில் பல் பட்டும் படாமலும் கடித்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு தட்டிலிருந்து இரண்டு எடுத்துத் தன் டப்பாவில் போட்டு மூடினாள், பிள்ளைக்காம். அவ்வளவுதான், தட்டு காலி.

போன ஆடியில் உழவர் சந்தைக்காரரிடம் ஒரு பிடி விதை கொடுத்தேன். அவருடைய யோசனைதானே எல்லாவற்றுக்கும் ஆரம்பம். தக்காளிக்காட்டின் மேலோரத்தில், காரமிளகாயிலிருந்து தள்ளி, மூன்று பாத்தி போட்டிருப்பதாகச் சொல்லி, வந்து பார்க்கச் சொன்னார். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் வண்டியில் பொங்கலூருக்குப் போனோம்.

சாக்கில் மட்டுமே பார்த்த செடியை மண்ணில் பார்ப்பது வேறு. இடுப்புயரம் நின்றது. தூரத்தில் மின்சாரக் காற்றாடிகள் சுற்றுகிற திசையிலிருந்து வந்த காற்றில் இலைகள் புரள, அடியில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு. நான் முதல் பாத்தியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். என் கையால் சோதித்த துணி லட்சக்கணக்கில் எங்கெங்கோ போயிருக்கிறது. ஒன்றையும் யாரோ உடுத்தி நான் பார்த்ததில்லை. இங்கே வேலையாட்கள் கூடையில் பறித்துக்கொண்டிருந்தார்கள். என் நாக்கு எரிந்து, என் கை தைத்த பைக்குள் காய்த்து வந்த மிளகாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இரண்டாவது பாத்தியின் நடுவில் ஒரு செடியில் காய்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. நின்றேன். கூடவே வந்த உழவர் சந்தைக்காரரும் நின்றார்.

"இதுல வெதை எடுக்க வேண்டாமுங்க" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங்க" என்று சொல்லி, கேள்வி கேட்காமல் வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டார். பத்து வருடத்துக்கு மேல் நான் காய் வாங்கிய கை அது.

சந்தையில் இதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்களாம். அடுத்த ஆடியில் பத்துப் பாத்தி போடப் போகிறாராம். அப்போதுதான், வீட்டுக்குள்ளிருந்து அவருடைய வீட்டுக்காரரை வரச்சொல்லி, என்னிடம் கேட்டார், "செடிக்குச் செடி எத்தனை அடி உடறதுங்க?"

விவசாயத்தில் ஒரு விவரம் என்னை ஒருவர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. வாழ்நாளெல்லாம் பூமி வைத்திருக்கிறவர்கள் இரண்டு பேர் எதிரே நின்று காத்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்துப் பாத்தியில் எதையோ உற்றுப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். அவர் சிரிப்பது எனக்குத் தெரிந்தது.

ஒன்றரை அடி என்றேன். காய் பெருத்தால் கிளை முறியும், குச்சி நட்டுக் கட்டுங்கள், கட்டுவதற்குக் கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை அடுத்த வாரம் சந்தைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.